அரண்மனை இல்லாத அரண்மனைக்காரன் தெரு

எட்டாம் வகுப்பு சமூக அறிவியலில் ஆங்கிலேயர் ஆட்சிக்கால நகரங்களைப் பற்றிய பாடத்தைச் சில ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். அதில் முதல் மூன்று ஆண்டுகள் ஒரு தவறையும் சேர்த்தே நடத்தியிருக்கிறேன். சென்னை பாரிமுனைக்கு அருகில் அரண்மனைக்காரன் தெரு என்று ஒன்று உண்டு. "அந்தக் காலத்தில் அரண்மனையில் வேலை பார்த்தவர்கள் குடியிருந்த தெரு" என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவேன். நான் பிறந்து வளர்ந்தது விழுப்புரம் பக்கம். அந்தத் தெருவை அப்போது சரியாகப் பார்த்ததுகூட இல்லை.

நான்காம் ஆண்டில் ஒரு மாணவி எழுந்து, "மிஸ், எங்கப்பா அந்தத் தெருவுலதான் லோடு ஏத்தறாரு. அங்க அரண்மனையே இல்லியே" என்றாள். மறுநாள் ஒரு கடையின் ரசீதைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். முகவரி தமிழில் அரண்மனைக்காரன் தெரு என்றும், ஆங்கிலத்தில் ஆர்மீனியன் ஸ்டிரீட் என்றும் அச்சாகியிருந்தது. ஒரே தெரு, இரண்டு பெயர். ஆங்கிலப் பெயரில் அரண்மனை இல்லை. தமிழ்ப் பெயரில் ஆர்மீனியர் இல்லை.

வகுப்பு முழுவதும் என்னைப் பார்த்தது. "நாளைக்குச் சொல்றேன்" என்றேன். அந்த 'நாளைக்கு' முடிய இரண்டு மாதங்கள் ஆயின. அதற்குள் நானும் முப்பத்திரண்டு மாணவர்களும் ஜார்ஜ் டவுனை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் நடந்து பார்த்துவிட்டோம். அதில் நாங்கள் கற்றதைத்தான் எழுதுகிறேன்.

தெருவின் கதை இது. மேற்காசியாவுக்கும் காக்கசஸ் மலைகளுக்கும் இடைப்பட்ட நாடு ஆர்மீனியா. அங்கிருந்து பாரசீகம் வழியாக இந்தியாவுக்கு வந்த வணிகர்கள் பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் சென்னையில் பெருஞ்செல்வர்களாக இருந்தார்கள். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726இல் மர்மலாங் பாலம் கட்டப் பணம் கொடுத்தவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனியர். பரங்கிமலைப் படிகளுக்கும் அவரே செலவு செய்தார். ஆர்மீனியன் என்ற சொல் நம் நாவில் அரமனைக்காரன் ஆகி, பிறகு எழுத்தில் 'திருத்தப்பட்டு' அரண்மனைக்காரன் ஆயிற்று. கேட்ட சொல்லுக்குப் பொருள் தெரியாவிட்டால் பொருள் தெரிந்த சொல்லாக மாற்றிக்கொள்வது எந்த மொழிக்காரர்களும் செய்வதுதான். தமிழாசிரியர்கள் இதைப் படித்தால் மரூஉ நடத்தும்போது இந்த ஒரு தெருவைச் சொல்லலாம்.

அந்தத் தெருவில் இப்போதும் 1772ஆம் ஆண்டைச் சேர்ந்த ஆர்மீனிய தேவாலயம் இருக்கிறது. கதவைத் தாண்டி உள்ளே போனால் தெருவின் இரைச்சல் சட்டென்று குறைந்துவிடுகிறது. தரையில் கல்லறைக் கற்கள், தனியாக நிற்கும் மணிக்கோபுரம், மரநிழல். அங்கே ஹாருத்யூன் ஷ்மவோனியன் என்ற பாதிரியாரின் கல்லறை உள்ளது. உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழான 'அஸ்தாரார்' 1794இல் வெளிவந்தது ஆர்மீனியாவிலிருந்து அல்ல, சென்னையிலிருந்து. அதை நடத்தியவர் இவர்தான். இதைச் சொன்னதும் ஒரு பையன், "அப்ப அவங்க ஊர்ப் பாடப் புத்தகத்துல நம்ம தெரு இருக்குமா மிஸ்?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு நான் மதிப்பெண் போட முடியாது. போட முடிந்தால் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன்.

அடுத்த பெயர் இவ்வளவு இனிமையானது அல்ல. ஜார்ஜ் டவுனின் பழைய பெயர் கறுப்பர் நகரம். 1639 ஆகஸ்ட் 22இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலம் கிடைத்து, கோட்டை எழுந்தபின், கோட்டைக்குள் ஐரோப்பியர் இருந்த பகுதி வெள்ளையர் நகரம் ஆனது. கோட்டைக்கு வடக்கே நெசவாளர், வணிகர், துபாஷிகள், படகோட்டிகள், சுமை தூக்குவோர் வாழ்ந்த பகுதி கறுப்பர் நகரம் ஆனது. பாடநூலில் ஒரு வரியில் கடந்துபோகும் செய்திதான். ஆனால் அந்த வரியை என் வகுப்பில் படிக்கும்போது பின்வரிசையில் ஒருவன் பக்கத்தில் இருப்பவனைக் கைகாட்டிச் சிரித்தான். கைகாட்டப்பட்டவன் தலையைக் குனிந்துகொண்டான். நிறத்தை வைத்துப் பெயரிட்ட முந்நூறு ஆண்டுப் பழக்கம் என் வகுப்பறையில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. அன்று பாடத்தை நிறுத்திவிட்டு அதைப் பற்றித்தான் பேசினோம். கோட்டைக்குள் இருந்தவர்களுக்குச் சோறும் துணியும் தண்ணீரும் எங்கிருந்து வந்தன என்று கேட்டேன். பட்டியல் போடச் சொன்னேன். கரும்பலகை நிறைந்தது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவாக்க வேண்டும். நாம் இன்று பார்க்கும் ஜார்ஜ் டவுன் முதல் கறுப்பர் நகரம் அல்ல. முதல் ஊர் இப்போது உயர் நீதிமன்றம் இருக்கும் இடத்தில், கோட்டையின் வடக்கு மதிலை ஒட்டி இருந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்து, அதில் ஒரு பகுதியை இடித்தார்கள். 1749இல் நகரம் ஆங்கிலேயரிடம் திரும்பியது. அடுத்த படையெடுப்பில் எதிரி வீடுகளுக்குப் பின்னால் மறைந்து வரக் கூடாது, கோட்டைப் பீரங்கிக்கு முன் வெட்டவெளி வேண்டும் என்று மிச்ச வீடுகளையும் அவர்களே இடித்தார்கள். மக்கள் வடக்கே முத்தியால்பேட்டைக்கும் பெத்துநாயக்கன்பேட்டைக்கும் நகர்ந்தார்கள். அங்கு எழுந்ததுதான் இரண்டாம் கறுப்பர் நகரம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐந்தாம் ஜார்ஜின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது.

மனிதர்களோடு சாமியும் இடம் மாறியது. முதல் ஊரில் இருந்த பட்டணம் கோயில் அந்த இடிப்பில் போயிற்று. அதற்கு மாற்றாகக் கட்டப்பட்டவைதான் இன்று பூக்கடைப் பகுதியில் அருகருகே இருக்கும் சென்னகேசவப் பெருமாள், சென்ன மல்லீஸ்வரர் கோயில்கள். அதற்கு முன்னின்றவர் மணலி முத்துக்கிருஷ்ண முதலியார். வெட்டவெளிக்குள் இனி யாரும் வீடு கட்டக் கூடாது என்று 1773இல் எல்லைத் தூண்கள் நட்டார்கள். அவற்றில் ஒன்று பாரிமுனை டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரத்தில் இன்னும் நிற்கிறது. தினமும் ஆயிரக்கணக்கானோர் பேருந்து பிடிக்க ஓடும் இடத்தில், திரும்பிப் பார்ப்பார் இல்லாமல் நிற்கிறது. எங்கள் பிள்ளைகள் அதைத் தொட்டுப் பார்த்தார்கள். 'வெளியேற்றம்' என்ற சொல் வட சென்னைப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. கரையோரக் குடிசைகளிலிருந்து தூரத்துக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்ட உறவினர் பலருக்கு உண்டு. அந்தத் தூணின் அருகில் ஒருத்தி, "அப்பவும் இப்படித்தானா?" என்று மட்டும் சொன்னாள். நான் பதில் சொல்லவில்லை.

பாரிமுனை என்ற பெயரைப் பற்றியும் ஒரு சண்டை நடந்தது. முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி வள்ளலின் பெயர் என்று பாதி வகுப்பு அடித்துச் சொன்னது. புறநானூற்றுப் பாடம் அவ்வளவு நன்றாக ஏறியிருக்கிறது! உண்மையில் 1788இல் வேல்ஸ் நாட்டிலிருந்து வந்து வணிகம் தொடங்கிய தாமஸ் பாரியின் பெயர் அது. அதே போல் தங்கசாலை. நகைக்கடைகள் நிறைய இருப்பதால் தங்கசாலை என்று பிள்ளைகள் நினைத்தார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். 1840களின் தொடக்கத்தில் நாணயம் அடிக்கும் சாலை கோட்டையிலிருந்து அங்கே வந்ததால் அமைந்த பெயர் அது. நாணயம் அடிப்பது நின்ற பிறகு அந்த வளாகம் அரசு அச்சகமாயிற்று. அதற்கு முன்பு அந்தப் பகுதியில் கம்பெனியின் துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் வாழ்ந்தார்கள். ஏற்றுமதித் துணியை வெளுக்காமல் கப்பலேற்ற முடியாது. கம்பெனியின் லாபத்தில் அவர்கள் கைக்கும் பங்கு உண்டு. அவர்களுடைய பெயரை வடக்கே வண்ணாரப்பேட்டையில்தான் தேட வேண்டும்.

சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தில் கடற்கரை எங்கே என்று கேட்காத பிள்ளை இல்லை. துறைமுகம் கட்டப்படும் முன்பு கடல் கிட்டத்தட்ட இன்றைய ராஜாஜி சாலை வரை இருந்தது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிடும். மசூலாப் படகுகள் அலையைக் கிழித்துப் போய் ஆளையும் சரக்கையும் கரைசேர்க்கும். அந்தப் படகில் ஆணி கிடையாது. பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதும்போது உடையாமல் வளைந்து கொடுக்க அதுதான் வழி. அறிவியல் ஆசிரியர் உடன் வந்திருந்ததால் இந்த இடத்தில் அரைமணி நேரம் அவர் எடுத்துக்கொண்டார். நெகிழ்வுத்தன்மைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு புத்தகத்தில் இல்லை என்றார். 1870களில் துறைமுக வேலை தொடங்கி, பிறகு மணல் சேர்ந்து, நிலம் நீண்டு, கடல் பின்வாங்கியது. பெயர் மட்டும் பழைய கரையிலேயே நின்றுவிட்டது.

பவழக்காரத் தெருவுக்கு அதிகம் சொல்லவில்லை. மத்தியதரைக் கடல் பவழம் இங்கே வந்து, கோல்கொண்டா வைரம் அங்கே போன வணிகத்தின் நினைவு அது. அதில் யூத வணிகர்கள் முக்கியமானவர்கள். கொத்தவால் சாவடியில் இப்போது மொத்தக் காய்கறிச் சந்தை இல்லை. 1996இல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டது. ஏழுகிணறு கோட்டைக்குக் குடிநீர் கொடுத்த கிணறுகளின் பெயர், 1772இல் அமைந்தது. வள்ளலார் இளமையில் வாழ்ந்த வீடு அங்கே வீராசாமி பிள்ளை தெருவில் இருக்கிறது. அவர் வழிபட்ட கந்தகோட்டம் நடந்து போகும் தூரத்தில்தான் உள்ளது.

எனக்கு மிகவும் பிடித்தது வால்டாக்ஸ் சாலை. 1769இல் ஹைதர் அலியின் குதிரைப்படை சென்னையின் வாசல் வரை வந்துபோன பிறகு, நகரின் வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுப்பினார்கள். உள்ளே இருப்பவர்களின் பாதுகாப்புக்காகக் கட்டியது, ஆகவே செலவுக்கு அவர்களே வரி கட்ட வேண்டும் என்று கம்பெனி திட்டமிட்டது. சட்டப்படி செல்லுமா என்ற கேள்வி எழுந்து அந்த வரி வசூலாகவே இல்லை. வரி போய்விட்டது, மதிலும் பெரும்பாலும் போய்விட்டது. பழைய ஜெயில் ரோட்டுப் பக்கம் ஒரு துண்டு எஞ்சியிருக்கிறது. அதன்மேல் மாடிப்பூங்கா அமைந்திருக்கிறது. அதிகாரப்பூர்வமாக வ.உ.சி. சாலை என்று மாறிய பிறகும், கட்டப்படாத வரியின் பெயரைத்தான் ஆட்டோக்காரரிடம் சொல்கிறோம்.

இனி, இந்த நடையில் நான் தயங்கிய இடம். லிங்கிச் செட்டி, தம்புச் செட்டி, கோவிந்தப்ப நாயக்கன், தேவராஜ முதலி என்று பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தபோது ஒரு மாணவன், "இதெல்லாம் சாதிப் பேருதானே மிஸ்?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். இந்தத் தெருக்களில் யார் குடியிருக்கலாம், எந்தத் தெரு வழியே யார் ஊர்வலம் போகலாம் என்று வலங்கை, இடங்கைப் பிரிவினர் அடித்துக்கொண்டதையும், 1707இல் ஆளுநர் தாமஸ் பிட் காலத்தில் அது பெரும் கலகமானதையும் சொன்னேன். மறைத்துப் பயனில்லை. ஆனால் ஒன்றில் கவனமாக இருந்தேன். "உன் பேருக்குப் பின்னாடி என்ன?" என்று அவர்கள் ஒருவரை ஒருவர் கேட்கும் திசைக்குப் பேச்சு போகவிடவில்லை. அரண்மனைக்காரன் தெருவில் 1837இல் ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் தொடங்கிய பள்ளியைப் பற்றிச் சொன்னேன். சில காலத்திலேயே ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் அங்கே சேர்ந்தார்கள். மற்ற பெற்றோர் தங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். ஆண்டர்சன் அந்தச் சிறுவர்களை அனுப்பவில்லை. அந்தப் பள்ளி வளர்ந்துதான் சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஆனது; 1937இல் தாம்பரத்துக்குப் போனது. பக்கத்திலேயே பச்சையப்பர் மண்டபம், கிரேக்கக் கோயில் போன்ற தூண்களோடு. 1794இல் இறந்த பச்சையப்ப முதலியாரின் செல்வம் பல பத்தாண்டுகள் வழக்கில் கிடந்து, 1842இல் பள்ளியாயிற்று. நல்ல பள்ளி. 1947 வரை இந்து மாணவர்களை மட்டுமே சேர்த்தது என்பதும் அதன் வரலாறுதான். இரண்டையும் சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்வது எளிது.

"மூட்டை தூக்குனவங்க பேர்ல தெருவே இல்லியா மிஸ்?" என்று கேட்டது, ரசீது கொண்டுவந்த அதே மாணவி. அதற்கும் அன்று என்னிடம் பதில் இல்லை.

பதில் பெற்றோர் கூட்டத்தில் கிடைத்தது. அவளுடைய அப்பா வந்திருந்தார். இருபது ஆண்டுகளாகக் கைவண்டி, பிறகு மீன்பாடி வண்டி. நடைபயணத்தைப் பற்றிச் சொன்னதும் சிரித்தார். "பேரெல்லாம் யாருக்கு டீச்சர் தெரியும்? நாங்க சரக்கை வச்சுத்தான் சொல்லுவோம். ஆண்டர்சன் தெருன்னா பேப்பர். கோடவுன் தெருன்னா துணி. தேவராஜ முதலி தெருன்னா கண்ணாடி, வளையல். ராசப்பச் செட்டி தெருன்னா நாட்டு மருந்து. பேப்பர்தான் கனம். துணி பெருசாத் தெரியும், ஆனா தூக்கிரலாம். கண்ணாடிக்குக் கூலி சேத்துக் கேப்போம், உடைஞ்சா நம்ம தலைல விழும்." எந்தத் தெருவில் எந்த நேரம் வண்டி நுழையும், எந்த முனையில் சக்கரம் சிக்கும், மழை பெய்தால் எங்கே முழங்கால் வரை தண்ணீர் என்று அவர் பத்து நிமிடம் சொன்னார். நான் குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டேன். அடுத்த வாரம் அவரையே வகுப்புக்கு அழைத்தோம். தலைமையாசிரியரின் நாற்காலியைத்தான் போட்டோம்; அவர் உட்காரவில்லை, நின்றுகொண்டே பேசினார்.

அதன் பிறகு பிள்ளைகள் ஒரு வரைபடம் போட்டார்கள். ஒவ்வொரு தெருவுக்கும் மூன்று வரி: பலகையில் உள்ள பெயர், அந்தப் பெயரின் காரணம், சுமை தூக்குபவர்கள் சொல்லும் பெயர். வளரறி மதிப்பீட்டுக்கான செயல்பாடாக இதையே எடுத்துக்கொண்டேன். காரணம் தெரியாத தெருக்களுக்கு நடுவரியைக் காலியாக விடச் சொன்னேன். கற்பனை செய்து நிரப்பக் கூடாது என்பதுதான் ஒரே விதி. அந்த விதியை முதலில் மீறியவள் நானே என்பது அவர்களுக்குத் தெரியும்.

அழைத்துச் செல்ல நினைக்கும் நண்பர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். வார நாளில் போகவே கூடாது; கைவண்டிகளுக்கு இடையில் முப்பது பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருக்க முடியாது. ஞாயிறு காலை ஏழு மணிக்கு உயர் நீதிமன்றப் பக்கத்திலிருந்து தொடங்கினால் பத்து மணிக்குள் தங்கசாலை வரை வந்துவிடலாம். மதிலும் ஏழுகிணறும் இன்னொரு நாளைக்கு. தேவாலயத்துக்குள் போக முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பெற்றோர் ஒப்புதல் கடிதத்தோடு, அந்தப் பகுதியில் வேலை பார்க்கும் பெற்றோர் இருவரை உடன் வரச் சொன்னால் பாதிக் கவலை தீரும். கழிப்பறைதான் பெரிய சிக்கல். நாங்கள் போனபோது பேருந்து நிலையம் ஒன்றே வழியாக இருந்தது. மாணவிகளுக்கு அது போதவில்லை. இரண்டாம் முறை ஒரு பெற்றோர் வேலை செய்யும் கடையில் முன்பே சொல்லி வைத்தோம்.

உங்கள் ஊரில் ஜார்ஜ் டவுன் இருக்காது. ஆனால் குளமில்லாத குளக்கரைத் தெருவோ, சந்தை கூடாத சந்தைப்பேட்டையோ இருக்கும். அங்கே வண்டி இழுத்த ஒரு பெரியவரும் இருப்பார்.

வரைபடம் இப்போதும் எட்டாம் வகுப்புச் சுவரில் இருக்கிறது. இந்த ஆண்டுப் பிள்ளைகள் அதில் பென்சிலால் திருத்தம் போட ஆரம்பித்திருக்கிறார்கள். ஒரு தெருவில் மூன்றாம் வரியை அடித்துவிட்டு 'இப்ப பிளாஸ்டிக்' என்று எழுதியிருக்கிறது. யார் எழுதியது என்று நான் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு போய்ப் பார்க்க வேண்டும்.